பூங்காவனத்தின் பயம்

வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை தெளிவாகத் தெரிகிற தூரத்தில் இருக்கும் ஒரு ஊரில், தை மாதத்துக் காலை ஒன்றில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினில் பூங்காவனத்தின் முடி மாட்டிக்கொண்டது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. கொண்டை போட்டு, அதன் மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் கதிரை அள்ளி மிஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். துண்டு எப்போது அவிழ்ந்தது, கொண்டை எப்போது சரிந்தது என்று அவளுக்குத் தெரியாது. டிராக்டரிலிருந்து மிஷினுக்குப் போகும் இரும்புத் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றியிருக்கும். டிராக்டரை நிறுத்தியபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலிக்கவில்லை. எல்லாரும் ஏன் தன்னைப் பார்த்து அலறுகிறார்கள் என்றுதான் புரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அவளைப் பார்த்து அலறிவிட்டார்கள். முதலில் அலறியவன் அவள் புருஷன் நல்லுசாமி.

திருச்சி ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தாள். தலைத் தோல் முழுக்க, நெற்றி, இடது காது, இடது புருவம் எல்லாம் மிஷினோடு போய்விட்டன. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் ஆற ஆறச் சுருங்கி, இடது கண்ணின் மேல் இமையை நெற்றிப் பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தக் கண் மூடவே இல்லை. தூக்கத்திலும் திறந்தபடி இருந்தது. "ஆறு மாசம் கழிச்சு வாம்மா, இன்னொரு ஆபரேஷன் பண்ணா மூடிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நல்லுசாமியும் அவன் அண்ணன் சாமிதுரையும் ஒரே வீட்டில் கூட்டாக இருந்தவர்கள். சாமிதுரையின் மனைவி ஜெயசுதாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. பூங்காவனம் ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு மாதமும் அவளுடைய மூன்று வயது மகள் கீதாஞ்சலியை ஜெயசுதாதான் இடுப்பிலிருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டாள்.

வைகாசியில் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. ஜெயசுதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரு வந்திருக்கா பாரு கீதா. அம்மா வந்திருக்கு பாரு."

பூங்காவனம் இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. பிறகு மூச்சு நின்றுவிட்டதோ என்று பயப்படும்படி வாய் திறந்து, சத்தம் வராமல் இருந்து, அப்புறம் வீறிட்டது. ஜெயசுதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டது. பூங்காவனம் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் நல்லுசாமியின் போனை எடுத்து, தன்னைப் பார்ப்பதற்காக முன் பக்கக் கேமராவைத் திருப்பினாள். வீட்டில் இருந்த கண்ணாடிகளை எல்லாம் யாரோ முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்திருந்தார்கள். போனில் தெரிந்ததைப் பார்த்து அவளும்தான் கத்தினாள். போன் கீழே விழுந்து மூலையில் உடைந்தது. குழந்தையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

நல்லுசாமி கெட்டவன் இல்லை. பயந்தவன். பக்கத்தில் படுத்திருக்கிறவள் தூங்குகிறாளா, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று தெரியாமல் அவன் நடு ராத்திரியில் எழுந்து வெளியே ஓடினான். "ஒன் மேல தப்பு ஒண்ணுமில்ல பூங்கா. என்னாலதான் முடியல" என்று ஒரு நாள் அழுதான். ஆடி பிறப்பதற்குள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வருகிறேன் என்றான். வரவில்லை.

குழந்தை அவள் இருக்கிற அறைப் பக்கம் வரவே மறுத்தது. சோறு இறங்கவில்லை, காய்ச்சல் வந்தது. ஜெயசுதாதான் பேச்சை எடுத்தாள்.

"கொஞ்ச நாளைக்குக் காட்டுல மோட்டார் கொட்டாயில இரேன் பூங்கா. புள்ளைக்கு வெவரம் தெரியட்டும். சோறு நான் குடுத்தனுப்பறேன்."

"எத்தன நாளைக்குக்கா?"

"பழகற வரைக்கும்தான்."

ஒரு பாய், ஒரு குடம், இரண்டு புடவையோடு அவள் போனாள். பார்க்காமல் இருந்தால் எப்படிப் பழகும் என்று கேட்க அன்றைக்கு அவளுக்கும் தோன்றவில்லை, ஜெயசுதாவுக்கும் தோன்றவில்லை.

கொட்டகை ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கிணற்றை ஒட்டி நாலு சுவர், மேலே சிமெண்ட் அட்டை. புரட்டாசியில் மக்காச்சோளம் ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் அங்கிருந்து வானம் மட்டும்தான் தெரியும். உச்சி வெயிலில் காற்று அடித்தால் தோகைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், யாரோ பத்துப் பேர் தாழக் குனிந்து வருவதுபோல நாலு பக்கமும் கேட்கும். பூங்காவனம் பகலிலேயே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். பாம்புக்குப் பயந்தாள். ஆம்பளைகளுக்குப் பயந்தாள். எல்லாவற்றையும்விட, யாரும் வராமலே போய்விடுவார்களோ என்று பயந்தாள். முதலில் மூன்று வேளை வந்த சோறு, பிறகு ஒரு வேளை ஆனது. பிறகு அரிசியும் பருப்பும் மட்டும் வந்தன. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற பச்சையம்மாள் அவற்றைக் கொண்டுவந்து கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். அந்தப் பத்தடியை அவளும் ஒரு நாளும் தாண்டியதில்லை.

திருச்சிக்குப் போகச் சொன்ன ஆறு மாதம் வந்து போனது. ஒரு நாள் விடியற்காலையில் பஸ் ஏறுகிற இடம் வரைக்கும் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் வரிசையாக அவள் பக்கம் திரும்பின. பின்பக்கமாகவே நடந்து புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

பிள்ளைகள் கல்லெறிய ஆரம்பித்தது மறு வருஷம். பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள் சோளத்துக்குள் பதுங்கி, அட்டைக் கூரையில் கல் விழுகிற சத்தத்துக்குச் சிரிப்பார்கள். அவள் உள்ளேயே நடுங்கிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கிணற்றுத் தொட்டியில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகில் கல் பட்டது. துண்டு இல்லாத தலையோடு சட்டென்று திரும்பினாள். மூன்று பிள்ளைகளும் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்து பறந்தன. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது. பூங்காவனம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி மேலே வந்தது. சிரிப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததால் தன் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

தாழ்ப்பாளாலும் அரிவாளாலும் ஆகாததை இந்த முகம் செய்துவிடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஊர் வேண்டும், பிள்ளை வேண்டும் என்ற நினைப்பு மிச்சம் இருந்தது.

பிறகு கொரோனா வந்தது. ஊரெல்லாம் நடுங்கிய அந்தச் சில மாதங்கள் பூங்காவனத்துக்கு நல்ல காலமாக இருந்தன. எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்கள். பச்சையம்மாள் வாங்கித் தந்த பூப்போட்ட மாஸ்க்கின் ஒரு நாடாவைக் காதிலும் இன்னொன்றைத் தலைத்துண்டிலும் மாட்டிக்கொண்டு, முந்தானையை இடது கண் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு அவளும் ரேஷன் கடைக்குப் போனாள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஆளோடு ஆளாக நின்றாள். யாரும் அலறவில்லை. "கொஞ்சம் முன்னாடி போம்மா" என்று பின்னால் நின்றவர் சலிப்போடு சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது முறை போனபோது இரண்டு வட்டம் முன்னால் ஜெயசுதாவும் கீதாஞ்சலியும் நின்றார்கள். பிள்ளைக்கு ஆறு வயது. நிற்க முடியாமல் நெளிந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க மாஸ்க்குல பூவு இருக்கு."

"ஆமா. நல்லாருக்கா?"

"ம். எனக்கு வெறும் நீலந்தான்."

"நான் ஒண்ணு வாங்கித் தரட்டா ஒனக்கு?"

ஜெயசுதாவின் முதுகு விறைத்தது. முகத்தை மூடலாம், குரலை எப்படி மூடுவது. திரும்பியவள் பூங்காவனத்தை ஒரு பார்வை பார்த்தாள். பையைக் கூட எடுக்காமல் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே சாமிதுரை காட்டுக்கு வந்தான். கிணற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னான்: "ஊருக்குள்ள வராத. புள்ள இப்பத்தான் நல்லாருக்குது. அரிசி பருப்பு நான் அனுப்பறேன்ல?"

"மாமா, அது நான் பெத்த புள்ள."

"தெரியும்மா" என்றான் அவன். அதோடு போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் அவள் மாறினாள். கறுப்புப் புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வழியோரமாகக் குச்சிகளை நட்டுக் கிழிந்த துணிகளைக் கட்டினாள். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை வெட்டி, ஊருக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் போட்டாள். மோட்டாருக்கு வருகிற செம்புக் கம்பியைத் திருட வந்த இருவர் முன்னால் கொட்டகைக் கூரையிலிருந்து குதித்தாள். அவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஓடினார்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்புறம் கம்பி திருட்டே இல்லை. அவளுடைய கண் பட்டால் மாடு பால் வற்றும் என்றார்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. சோளம் உயர்ந்து நின்ற மாதங்களில், தனியாக வருகிறவர்களுக்காக அவள் காத்துக் கிடந்தாள். மூச்சை அடக்கி, வரிசைக்குள் உட்கார்ந்து, காலடிச் சத்தம் பக்கத்தில் வந்ததும் எழுந்து நிற்பாள். ஒரு நாள் விறகுக்கு வந்த சின்னம்மாள் என்கிற பெண் அப்படி ஓடி வரப்பில் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டாள். பச்சையம்மாள் அதைச் சொன்னபோது பூங்காவனத்துக்கு வருத்தம் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை.

ஊரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த பிரேம் என்பவன் வரப்பில் ஒளிந்து அவளைப் போனில் படம் பிடித்துப் போட்டான். கறுப்புப் புடவை, மொட்டைத் தலை, மூடாத கண். ஒரே வாரத்தில் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். போனை நீட்டிக்கொண்டு, "ஏய் பேயி, வெளிய வா" என்று கத்தினார்கள். ஒருத்தன் கதவை உதைத்தான். அவள் அரிவாளோடு வெளியே பாய்ந்து கத்தினாள். அவர்கள் ஓடிப்போய், தூரத்தில் நின்று சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அவள் மணிக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை.

அந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. உச்சி வெயில். தெற்குப் பக்கத்துச் சோளத்துக்குள் சலசலப்புக் கேட்டது. காற்று இல்லை. பைக்குக்காரர்கள்தான் பின்வழியாக வருகிறார்கள் என்று நினைத்தாள். தலைத்துண்டை உருவி எறிந்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு, சத்தம் வருகிற வரிசையின் முனையில் போய்க் காத்திருந்தாள். தோகை விலகியதும் பாய்ந்து, முழுப் பலத்தோடு கத்தினாள்.

ஒரு சின்னப் பெண் நின்றாள். பள்ளிக்கூடத்துப் பாவாடை, சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. தனியாக வந்திருந்தாள். ஓடவில்லை. பாவாடை நனைந்து தண்ணீர் காலோடு வழிந்து மண்ணில் இறங்கியது.

யார் என்று தெரிந்த பிறகும் பூங்காவனத்தின் வாயிலிருந்து அந்தச் சத்தம் நிற்கவில்லை. பழகிய சத்தம். அது தானாகவே போய்க்கொண்டிருந்தது. தன் வாயைத் தானே கையால் பொத்தி நிறுத்தினாள். பிள்ளை மல்லாந்து விழுந்தது. தூக்கலாம் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"வேணாம், வேணாம்" என்று கீதாஞ்சலி பின்பக்கமாகவே தவழ்ந்தாள். "போயிடறேன். நான் போயிடறேன்."

பூங்காவனம் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினாள். சோளத்துக்குள் புகுந்து, தோகை முகத்தை அறுக்க அறுக்க ஓடி, ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தாள். பிள்ளை எழுந்து, பாவாடையைப் பிடித்துக்கொண்டு, விசும்பியபடி பாதையில் போனாள். அவள் ஊர் எல்லையைத் தொடுகிற வரைக்கும் பூங்காவனம் சோளத்துக்குள்ளேயே இணையாக நடந்தாள். ஆறு வருஷமாக இவள் வருவாளா என்று காத்திருந்ததும், வந்தவளை இப்படி அனுப்பியதும் ஒரே ஆள்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் அவளைப் பார்த்து எதற்குப் பயந்தார்களோ அதற்கு அன்றைக்கு அவளும் பயந்தாள்.

நான்காம் நாள் பச்சையம்மாள் வந்தாள். அரிசிப் பையைக் கொண்டுவரவில்லை.

"புள்ளைக்கு மூணு நாளா சொரம். சோறு தண்ணி எறங்கல. கண்ணு கண்ணுன்னு அலறுது. டவுன்ல ஊசி போட்டாங்க, கேக்கல. ஒங்க மூத்தாரு பூசாரியக் கூட்டியாரப் போயிருக்காரு. சாட்டையோட வருவாங்களாம். ஒன்ன ஓட்டணும்னு ஊருல பேசிக்கிட்டாங்க. எங்கியாச்சும் போயிடு பூங்கா. மல மேல ஏறிடு."

"எப்ப வருவாங்க?"

"மத்தியானத்துக்குள்ள."

பேய் ஓட்டுவதைப் பூங்காவனம் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அடி வாங்கிய பெண்ணின் முதுகில் புடவை ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருந்தது நினைவு வந்தது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு கறுப்புப் புடவையை அவிழ்த்துப் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கட்டியிருந்த பச்சைப் புடவையை எடுத்துக் கட்டினாள். தலைக்குத் துண்டு போட்டாள், முகத்தை மூடவில்லை. மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு ஊர்ப் பக்கம் நடந்தாள்.

மணி பத்து இருக்கும். தெருமுனையில் நாய் குரைத்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்துகிற சத்தம் அவளுக்கு முன்னால் ஓடியது. "பேயி ஊருக்குள்ள வந்துருச்சு" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள். கல் ஒன்று காலருகே விழுந்தது. கத்திவிடு, கண்ணை உருட்டிக் காட்டு, எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு கல் தோளில் பட்டது. நிற்காமல் நடந்தாள். அந்தத் தெரு இவ்வளவு நீளம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

வாசலில் ஜெயசுதா குறுக்கே நின்றாள். மூன்று நாள் தூங்காத முகம்.

"எதுக்குடி வந்த? மிச்ச உசுரையும் எடுக்கவா?"

"உள்ள வரலக்கா. வாசல்லியே நிக்கறேன். அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன். அப்பறம் அடிங்க, கொல்லுங்க."

"ஒன்னப் பாத்தாலே செத்துடும்டி அது."

"பாக்க வேணாம். கேட்டாப் போதும்."

ஜெயசுதா திடீரென்று படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"சோறு தின்னலன்னா அந்தக் கண்ணு வந்து ஒன்னத் தூக்கிட்டுப் போயிடும்னு சொல்லிச் சொல்லி நாந்தான் ஊட்டுனேன். நாந்தான் சொன்னேன் பூங்கா. நீ வந்து கூப்புட்டா அவ ஒன்னோட போயிடுவாளோன்னு எனக்குப் பயம். ஒவ்வொரு நாளும் பயம். எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

பூங்காவனத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதை அப்போது தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. ஜெயசுதாவைத் தாண்டாமல், வீட்டின் பக்கவாட்டில், ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உள்ளே இருக்கிறவளுக்குத் தன் முகம் தெரியாது.

"கீதா. அன்னிக்குக் கத்துனது நாந்தான். வேற யாரோ அடிக்க வராங்கன்னு நெனச்சுக் கத்திட்டேன். நீன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா கத்தியிருக்க மாட்டேன்."

உள்ளே கட்டில் முனகியது. அவள் மிஷினைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெகு நேரம் கழித்து ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு வறண்ட குரல் வந்தது.

"அந்தக் கண்ணப் பாக்கத்தான் அன்னிக்கு வந்தேன். அது ஏன் மூட மாட்டேங்குது?"

"தோலு பத்தல. ஒட்டுன தோலு இழுத்துப் புடிச்சுக்கிச்சு."

"தூங்கறப்ப?"

"அப்பவும் தொறந்துதான் இருக்கும். துணி கட்டிக்கிட்டுத் தூங்குவேன்."

"எறும்பு பூந்துராதா?"

"ஒரு தடவ பூந்துச்சு. ரெண்டு நாளு அழுதுகிட்டே கெடந்தேன்."

"டாக்டரு சரி பண்ண மாட்டாரா?"

"பண்றேன்னுதான் சொன்னாரு. நாந்தான் போவல."

"ஏன்?"

"பஸ்சுல போவணும்ல. எல்லாரும் பாப்பாங்க. பயமா இருந்துச்சு."

"ஒனக்கா?" குரல் சற்று மேலே வந்தது. எழுந்து உட்கார்ந்திருப்பாள் போல. "ஒனக்கா பயம்?"

"எனக்குத்தான்டி பயம். காத்தடிச்சா பயம். வண்டிச் சத்தம் கேட்டா பயம். கல்லு விழுந்தா வயித்தக் கலக்கும். இப்ப இந்தத் தெருவுல நடந்து வரதுக்குள்ள ரெண்டு தடவ செத்துப் பொழச்சேன்."

அதற்குள் தெருவில் ஆள் சத்தம் கேட்டது. சாமிதுரை வந்துவிட்டான். பின்னால் பூசாரி, கையில் சுருட்டிய சாட்டை. அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர். பிரேம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பூங்காவனம் எழ முயன்றாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்கே கேட்டது.

"இங்கியே வந்து உக்காந்திருக்குது பாருங்க" என்றார் பூசாரி.

ஜெயசுதா படியிலிருந்து எழுந்து வந்தாள். முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"அவளத் தொடாதீங்க."

"நீ உள்ள போ" என்றான் சாமிதுரை.

"புள்ள பேசுதுங்க. மூணு நாளைக்கப்பறம் இப்பத்தான் பேசுது. இவகிட்டதான் பேசுது. பேயி இல்ல, பிசாசு இல்ல, நாம பண்ணி வச்சதுதான் எல்லாம். நான் சொன்ன பொய்யிதான். அவரைப் போவச் சொல்லுங்க." பிறகு பிரேமைப் பார்த்து, "ஏண்டா, ஒங்கம்மா இந்தக் கெதியில கெடந்தாலும் இப்படித்தான் படம் புடிப்பியா?" என்று கத்தினாள். அவன் போனை இறக்கினான்.

ஜன்னலுக்குள்ளிருந்து கீதாஞ்சலி, "கஞ்சி வேணும்" என்றாள்.

சாமிதுரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூசாரியிடம் போய் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். கூட்டம் உடனே கலையவில்லை. மத்தியானம் வரைக்கும் இரண்டு பேர், நாலு பேராக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போகிற வரைக்கும் பூங்காவனம் சுவரை விட்டு நகரவில்லை. ஜெயசுதா ஒரு கிண்ணத்தில் அவளுக்கும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். கையில் கொடுத்தாள்.

ஐப்பசி கடைசியில் ஜெயசுதாவும் அவளும் திருச்சிக்குப் பஸ் ஏறினார்கள். பெரம்பலூர் தாண்டும் வரை பூங்காவனம் ஜெயசுதாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாள். எதிர் சீட்டில் இருந்த குழந்தை அழுதது. அதன் அம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். இறங்கிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தவளை ஜெயசுதா இரண்டு முறையும் உட்கார வைத்தாள். ஆபரேஷன் நடந்தது. ஆறு வருஷம் தாமதம் என்று டாக்டர் திட்டினார். இப்போது அந்தக் கண் முக்கால்வாசி மூடுகிறது. பார்வை பாதி போனது போனதுதான். நல்லுசாமிக்குத் திருப்பூரில் வேறு குடும்பம் இருப்பதாக ஒருவர் சொன்னார். அவள் மேலே விசாரிக்கவில்லை.

கை முறிந்த சின்னம்மாள் வீட்டுக்கு ஒரு நாள் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். சின்னம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். நூறு நாள் வேலையில் இருவரும் ஒரே ஏரியில் மண் வெட்டுகிறார்கள். சின்னம்மாள் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது முறைத்துப் பார்த்தால், துண்டை உருவிவிட வேண்டும் என்று பூங்காவனத்தின் கை இப்போதும் மேலே போகிறது. பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். சில நாள் நிறுத்த முடிவதில்லை.

ஊருக்குள் வந்து இரு என்று சாமிதுரையே சொல்லிப் பார்த்தான். அவள் கொட்டகையிலேயே இருக்கிறாள். கூரையை மாற்றி, ஒரு ஜன்னல் வைத்திருக்கிறாள். கீதாஞ்சலி ஜெயசுதாவைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். பூங்காவனத்தைக் கூப்பிட இன்னும் ஒரு பெயர் அகப்படவில்லை அவளுக்கு. சனிக்கிழமைகளில் புத்தகப் பையோடு காட்டுக்கு வருகிறாள். சில சமயம் எதிர்பாராமல் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கும்போது அவள் உடம்பு ஒரு நொடி பின்வாங்குகிறது. பூங்காவனம் அதைப் பார்க்காததுபோல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இந்த வருஷமும் மக்காச்சோளம் ஆளை மறைக்கிற அளவு வளர்ந்து நிற்கிறது. மத்தியானத்தில் தோகை சலசலத்தால் பூங்காவனத்தின் நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்கிறது. அது கீதாஞ்சலிக்குத் தெரியும். அதனால் பாதை திரும்புகிற இடத்திலேயே நின்று, கையை வாயருகே குவித்துக்கொண்டு உரக்கக் குரல் கொடுக்கிறாள்.

"நாந்தான் வரேன். பயப்படாத."

"வா, வா" என்று பூங்காவனம் உள்ளேயிருந்து சொல்கிறாள்.